சூலக்கரைப் பந்தயம்

மதுரையிலிருந்து திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் எல்லோரும் சூலக்கரையைப் பார்த்திருக்கிறார்கள். பார்த்தது அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். விருதுநகரைத் தாண்டிச் சில கிலோமீட்டர் தெற்கே வந்ததும் ஜில்லாக் கலெக்டர் ஆபீஸ் கட்டடங்கள் தென்படும். பிரயாணி ஒரு தரம் எட்டிப் பார்ப்பார். "கலெக்டர் ஆபீஸ் போலிருக்கிறது" என்று பக்கத்து ஆசனக்காரரிடம் சொல்வார். பிறகு தூக்கத்தை விட்ட இடத்திலிருந்து தொடருவார். அவர் கண்ணை மூடிய இடம் சூலக்கரை. இனி சாத்தூரில் சேவுப் பொட்டலமும் வெள்ளரிப் பிஞ்சும் விற்கிறவர்களின் குரல் காதில் விழுந்தால்தான் விழிப்பார்.

அவரைக் குறை சொல்வதற்கில்லை. பஸ்ஸின் ஜன்னலுக்குத் தெரிவதெல்லாம் கரிசல் காடும், சீமைக் கருவேலமும், வானமுந்தான். இந்த ஊரின் விசேஷம் கண்ணுக்குத் தெரிகிற வஸ்துவல்ல. முகத்தில் படுகிற வஸ்து. அதாவது காற்று. ஆடி பிறப்பதற்கு முன்பே மேற்கு மலைத் தொடரின் கணவாய்கள் வழியாகப் புறப்பட்டு வருகிற மேல்காற்று, தடுப்பார் இல்லாத இந்தப் பொட்டல் வெளியில் ஆவணி முடியும் வரையில் ராஜ்யபாரம் செய்கிறது. இதே சாலையில் இன்னும் தெற்கே போய்க் கயத்தாற்றுப் பக்கம் பார்த்தால், அந்தக் காற்றைப் பிடித்து மின்சாரமாக மாற்றும் ராட்சசக் காற்றாடிகள் கூட்டம் கூட்டமாக நிற்கின்றன. சூலக்கரையில் அதைப் பிடிப்பார் இல்லை. சைக்கிளில் போகிறவர்களைத்தான் அது பிடித்துக் கொள்ளுகிறது.

சாலை வடக்கிலிருந்து தெற்காக ஓடுகிறது. காற்று மேற்கிலிருந்து வருகிறது. இந்த இரண்டு விஷயங்களையும் நேயர்கள் தயவு செய்து நினைவில் வைத்துக் கொள்ள வேண்டும். நாம் அவற்றை நினைவில் வைத்துக் கொள்ளாமல் போனதனால் விளைந்த கஷ்டத்தைத்தான் சொல்லப் போகிறோம்.

நாம் இந்தச் சீமையில் ஒரு பள்ளிக்கூடத்து ஆசிரியர். வயது நாற்பத்தாறு. பௌதிக சாஸ்திரத்தில் பட்டம் பெற்றவர்கள் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டியிருக்கிறது. கதைக்கு அது அவசியம். மூன்று வருஷத்துக்கு முன் வைத்தியர் ஒருவர் நம் வயிற்றை விரலால் ஒரு தட்டுத் தட்டி, "சைக்கிள் ஓட்டுங்கள்" என்றார். அன்று முதல் பரண்மேல் கிடந்த பழைய இருபத்தெட்டு அங்குலச் சைக்கிளை இறக்கித் துடைத்து, தினம் விடியற்காலையில் சூலக்கரைச் சாலையில் ஓட்டி வருகிறோம். வயிறு இருந்தபடியே இருக்கிறது. ஆனால் வேகத்தில் ஒரு மோகம் பிறந்துவிட்டது. ஆகவே, செப்டம்பர் மாத ஆரம்பத்தில் "மிதிவண்டிப் போட்டி" என்ற அறிவிப்புப் பள்ளிக்கு வந்து சேர்ந்தபோது, நாம் அதைத் தலைமை ஆசிரியரின் மேஜையிலிருந்து கிட்டத்தட்டப் பிடுங்கிப் படித்தோம் என்றே சொல்ல வேண்டும்.

அறிஞர் அண்ணாவின் பிறந்த நாளான செப்டம்பர் 15-ஐ ஒட்டித் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் ஜில்லாதோறும் நடத்துகிற பந்தயம் அது. அண்ணாவுக்கும் விருதுநகருக்கும் என்ன சம்பந்தம் என்று இளம் நேயர்கள் கேட்கலாம். இந்த ராஜ்யத்துக்குத் "தமிழ்நாடு" என்று பெயர் வைக்கக் கோரிச் சங்கரலிங்கனார் 1956 ஜூலை 27-ல் உண்ணாவிரதம் தொடங்கியது விருதுநகரில்தான். எழுபது நாட்களுக்கு மேல் பட்டினி கிடந்து, அக்டோபர் 13-ல் மதுரை ஆஸ்பத்திரியில் அவர் உயிர் நீத்தார். அந்தப் பெயருக்கான தீர்மானம் சட்டசபையில் நிறைவேறியது, அண்ணா முதல் மந்திரியாக இருந்த 1967-ல், ஜூலை 18-ந் தேதி. ஆகவே அண்ணாவின் பெயரால் இந்த மண்ணில் நாலு பேர் பெடலை மிதிப்பது பொருத்தமில்லாத காரியம் அல்ல.

நிற்க. அறிவிப்பை மேலும் படித்தோம். மூன்று பிரிவுகள்: பதின்மூன்று வயதுக்கு உட்பட்டவர், பதினைந்து வயதுக்கு உட்பட்டவர், பதினேழு வயதுக்கு உட்பட்டவர். அதற்குமேல் பிரிவு கிடையாது. காகிதத்தைத் திருப்பிப் பார்த்தோம். பின்புறம் வெறுமையாக இருந்தது.

"என்ன ஸார், உங்களுக்கு இருபத்தொன்பது வருஷம் அதிகமாகிவிட்டதே!" என்று தேகப் பயிற்சி ஆசிரியர் அனுதாபம் தெரிவித்தார்.

பெரிய பிரிவில் பையன்களுக்கு 20 கிலோமீட்டர், பெண்களுக்கு 15. முதல் பரிசு 5,000 ரூபாய், இரண்டாவது 3,000, மூன்றாவது 2,000. நான்கிலிருந்து பத்து வரையில் வருகிறவர்களுக்குத் தலைக்கு 250. பந்தய நிபந்தனைகளில் நம் மனத்தைக் கவர்ந்தது ஒன்று உண்டு: சைக்கிள் இந்தியாவில் செய்ததாக, சாதாரணக் கைப்பிடி உள்ளதாக இருக்க வேண்டும், கியர் வைத்த சைக்கிள் கூடாது. லட்ச ரூபாய் சைக்கிளுக்கும் பள்ளிக்கூடத்துச் சைக்கிளுக்கும் நடக்கிற பந்தயம் பந்தயமே அல்ல என்பது நம் அபிப்பிராயம். கால் ஓடட்டும், பணப்பை ஓட வேண்டாம் என்று யாரோ யோசித்து எழுதியிருக்கிறார்கள்.

தமக்குக் கிடைக்காத பாக்கியத்தைப் பிறருக்குத் தேடித் தருவதுதானே உபாத்தியாயரின் தொழில்? பதினோராம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். சூலக்கரைக்குத் தெற்கே ஒரு சிற்றூரிலிருந்து தினம் சைக்கிளில் பள்ளிக்கு வருகிறவள். சர்க்கார் பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கொடுத்த சைக்கிள்; முன்னால் கம்பிக் கூடை, அந்தக் கூடையில் சாப்பாட்டுத் தூக்கு, அதன்மேல் புத்தகப் பை. நாம் பல நாள் காலையில் நம் முழுப் பலத்தையும் செலுத்தி ஓட்டிக் கொண்டிருக்கும்போது, இந்தத் தூக்கும் பையும் நம்மைத் தாண்டிப் போவதுண்டு. தாண்டும்போது "வணக்கம் ஸார்" என்பாள். அந்த வணக்கம் நம்மை எவ்வளவு புண்படுத்தியது என்பது அவளுக்குத் தெரியாது.

ஆனால் அவளையும் அவள் தோழிகளையும் நாம் ஒரு தரம் பிரார்த்தனைக் கூட்டத்தில் நிற்க வைத்துக் கண்டித்திருக்கிறோம். காரணம், அவர்கள் ஒருவர் பின் ஒருவராக வராமல், சாய்வாக, ஏணியைப் படுக்க வைத்தாற்போல், சாலைக்குள் நீட்டிக் கொண்டு வருகிறார்கள். லாரிகள் பறக்கிற சாலையில் இது என்ன ஊர்வலம் என்று கேட்டோம். பதில் சொல்லாமல் நின்றார்கள். நம் பள்ளியில் பெண்கள் பதில் சொல்லாமல் நிற்பதைத் தவற்றை ஒப்புக் கொண்டதாக எடுத்துக் கொள்வது வழக்கம்.

அவள் தாயாரிடம் அனுமதி கேட்கப் போனோம். தாயார் பட்டாசு ஆபீஸில் வேலை. வெளியூர் நேயர்களுக்கு ஒரு வார்த்தை: இந்தப் பக்கத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலைக்குத் தீப்பெட்டி ஆபீஸ் என்றும், பட்டாசுத் தொழிற்சாலைக்குப் பட்டாசு ஆபீஸ் என்றும் பெயர். விடியுமுன் அந்த ஆபீஸ்களின் பஸ்கள் கிராமம் கிராமமாக வந்து ஆட்களை ஏற்றிக் கொண்டு போகும். செப்டம்பர் என்றால் தீபாவளிக்கு முந்திய அவசரம். பந்தயமோ சனிக்கிழமை, வாரக் கூலி கொடுக்கிற நாள். அன்று தாய் வேலைக்குப் போயாக வேண்டும்; பெண் வீட்டிலிருந்து தம்பியைப் பார்த்துக் கொண்டாக வேண்டும்.

"புள்ளைக்குக் கை கால் முறிஞ்சா யாரு ஸார் பாக்கிறது?" என்று அந்த அம்மாள் கேட்டாள். "நம்ம பொம்பளைப் புள்ளை ரோட்டுலே நாலு பேரு முன்னாலே குனிஞ்சு நிமிர்ந்து ஓட்டணுமா?"

நாம் புதுக்கோட்டைக் கதையைச் சொன்னோம். 1991-ல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தின்போது அந்த ஜில்லாவிலே கூலி வேலை செய்த பெண்களும், கல் உடைத்த பெண்களும், ஆஸ்பத்திரித் தாதிகளும் ஆயிரமாயிரமாகச் சைக்கிள் கற்றுக் கொண்டு, கொடி கட்டி ஊர்வலம் போனதைச் சொன்னோம். ஆரம்பத்தில் கேலி செய்தவர்களே பிறகு தங்கள் பெண்டுகளுக்குச் சைக்கிள் தேடி அலைந்ததையும் சொன்னோம். அம்மாள் பொறுமையாகக் கேட்டாள்.

"அது சரி ஸார். பரிசு எம்புட்டு?"

சொன்னோம்.

"மூணாவது வந்தாலும் ரெண்டாயிரமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். திரும்பி வரும்போது ஆதார் அட்டையும் வங்கிப் பாஸ் புத்தகமும் கையில் இருந்தன. போட்டிக்கு அவற்றின் நகல் வேண்டும் என்று நாம் சொல்லவே இல்லை. சர்க்கார் காரியம் எதற்கும் அவை வேண்டும் என்று அந்த அம்மாளுக்குத் தெரிந்திருக்கிறது. தம்பியைப் பார்த்துக் கொள்ளப் பக்கத்து வீட்டுப் பாட்டியைச் சொல்லி வைத்தாள். ஒரே ஒரு நிபந்தனை: சைக்கிளின் கூடையைக் கழற்றினால் பத்திரமாகத் திரும்ப மாட்டித் தர வேண்டும்.

பிறகு பயிற்சி ஆரம்பமாயிற்று. சைக்கிள் கடையில் இரண்டு சக்கரத்துக்கும் கோட்டம் எடுத்து, பால்ரஸுக்குக் கிரீஸ் வைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, கூடையைக் கழற்றினோம். அப்புறம் நம் பௌதிக சாஸ்திரத்தை எடுத்து வைத்தோம். நம் சைக்கிளில் முன் பல்சக்கரத்துக்கு 44 பல், பின்னதற்கு 18. பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் சைக்கிள் ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் நகருகிறது. நிமிஷத்துக்கு அறுபது சுற்று என்றால் மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர். இதற்குமேல் போக விடாமல் தடுப்பது சாலையல்ல, காற்று. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நாலு மடங்காகிறது. அதை வெல்லக் கால் கொடுக்க வேண்டிய சக்தி எட்டு மடங்காகிறது. இதற்கு உலகத்துப் பந்தயக்காரர்கள் எல்லோரும் கண்டிருக்கிற பரிகாரம், முன்னே போகிறவனின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து கொள்வது. காலில் ஒரு பங்கு சக்தியாவது அதனால் மிச்சமாகும்.

உலகத்துப் பந்தயம் என்றதும் நினைவுக்கு வருகிறது. பிரான்ஸ் தேசத்தை வலம் வருகிற பிரசித்தி பெற்ற சைக்கிள் பந்தயம் முதன்முதலாக 1903 ஜூலை முதல் தேதி புறப்பட்டது. அறுபது பேர் கிளம்பி, 2,428 கிலோமீட்டரை ஆறு கட்டங்களாகக் கடந்து, பத்தொன்பதாந் தேதி பாரிஸுக்குத் திரும்பினார்கள். முடித்தவர் இருபத்தொரு பேர். வென்றவர் மாரிஸ் காரன். சிறு வயதில் புகைபோக்கி சுத்தம் செய்கிற வேலை பார்த்தவர். அந்தப் பந்தயம் இன்னும் முடியாதிருந்த ஜூலை பதினைந்தாந் தேதி, அப்போது விருதுபட்டி என்று பெயர் கொண்டிருந்த நம் விருதுநகரில் காமராஜ் பிறந்தார். இரண்டுக்கும் சம்பந்தம் ஒன்றுமில்லை. சரித்திர ஆசிரியர் இல்லாத பள்ளியில் அந்தப் பாடத்தையும் எடுக்கிறவர்களுக்கு இப்படித் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வியாதி உண்டு.

பத்து நாள் விடியற்காலை ஐந்தரை மணிக்கு நாம் முன்னே ஓட்டினோம். அவள் பின்னே ஒட்டிக் கொண்டு வந்தாள். "சக்கரத்துக்கு நேர் பின்னால் சக்கரம். ஒரு முழம் இடைவெளி. விலகாதே. கடைசி ஒரு கிலோமீட்டரில்தான் வெளியே வர வேண்டும்" என்பது நம் உபதேசம். ஒவ்வொரு நாளும் கடைசி ஒரு கிலோமீட்டரில் அவள் வெளியே வந்தாள், நாம் பின்தங்கினோம். நம் சித்தாந்தம் கண் முன்னே நிரூபணமாவதைக் கண்டு மகிழ்ந்தோம். ஐந்தரை மணிக்கு இந்தச் சாலையில் காற்று எழுந்திருப்பதில்லை என்பது நமக்குத் தோன்றவில்லை.

ஒரு நாள் அவள், "ஸார், காத்து அடிச்சா இப்படியே நேராத்தான் போகணுமா?" என்று கேட்டாள்.

"காற்று அடித்தால் இன்னும் நெருங்கிப் போக வேண்டும்" என்றோம்.

பதில் சொல்லாமல் இருந்தாள்.

பந்தயத்தன்று கலெக்டர் ஆபீஸ் பக்கத்துச் சாலை திருவிழாவாக இருந்தது. எத்தனை விதமான சைக்கிள்கள்! அப்பாவின் சைக்கிளைக் கொண்டு வந்து, ஆசனத்துக்குக் கால் எட்டாமல் நின்றுகொண்டே மிதிக்கத் தயாராக இருந்த சிறுவர்கள். காற்றுக்காக மட்கார்டைக் கழற்றியவர்கள். எதற்கென்று தெரியாமல் அதைப் பார்த்துத் தாங்களும் கழற்றியவர்கள். விபூதி பூசிய ஹாண்டில்பார்கள். நம் சிறு பிராயத்தில் கிராமத்து மைதானங்களில் ஏழு நாள் இறங்காமல் சைக்கிள் ஓட்டும் வித்தைக்காரர்கள் வருவார்கள். ஓட்டிக்கொண்டே குளிப்பார்கள், சாப்பிடுவார்கள், ராத்திரியில் நெஞ்சில் ட்யூப் லைட்டை உடைத்துக் கொள்வார்கள். சைக்கிளில் ஒரு இடத்திலேயே சுற்றிக் கொண்டிருப்பதுதான் பெரிய சாகஸம் என்று அப்போது நினைத்திருந்தோம்.

சிறியவர்களின் பிரிவுகள் முதலில் புறப்பட்டன. பெரிய பெண்களின் முறை வந்தபோது வெயில் ஏறிவிட்டது. சாலையோரத்துக் கருவேலங்கிளைகள் எல்லாம் கிழக்கே சாய்ந்து ஆடத் தொடங்கியிருந்தன. அதைப் பார்த்தோம். பார்த்ததோடு சரி.

இருபத்திரண்டு பெண்கள். தெற்கே ஏழரைக் கிலோமீட்டர், வச்சக்காரப்பட்டிப் பக்கமாகப் போய், பாலத்தடியில் திரும்பி, சாலையின் மறு ஓரமாக வர வேண்டும். விசில் ஊதியதும் போனார்கள். தேகப் பயிற்சி ஆசிரியரின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து, ஆம்புலன்ஸுக்கும் பின்னே நாம் போனோம்.

நம் மாணவி நம் சொல்லை அட்சரம் பிசகாமல் நிறைவேற்றினாள். முன்னே போன ஒரு பெண்ணின் சக்கரத்துக்கு நேர் பின்னால் ஒரு முழத்தில் ஒட்டிக் கொண்டாள். ஆனால் காற்று வலப் பக்கத்திலிருந்து வீசியது. பக்கத்திலிருந்து வருகிற காற்றுக்கு நேர் பின்னால் மறைவு ஏது? மறைவு இடப் பக்கத்துக் கோடியில் சாய்வாக விழுகிறது. இடப் பக்கத்திலோ தார் முடிந்து மண் தொடங்கிவிட்டது. அவளுடைய பாவாடை போன்ற விளையாட்டுச் சட்டை படபடவென்று கிழக்கே அடித்துக் கொண்டிருந்ததை நாம் பின்னாலிருந்து பார்த்தோம். மறைவில் இருக்கிறவளின் சட்டை அப்படி அடிக்காது. ஆகவே முன்னவளுக்கு எவ்வளவு பாடோ, அவ்வளவு பாடு இவளுக்கும். போதாதற்கு, முன்னவள் தளர்ந்தபோதெல்லாம் இவளும் தளர வேண்டியிருந்தது. முதல் ஐந்து பேர் நூறு கஜம், இருநூறு கஜம் என்று விலகிப் போய்க் கொண்டிருந்தார்கள்.

"ஏன் ஸார் அந்தப் பிள்ளை முன்னே போகாமல் இப்படி ஒட்டிக்கிட்டிருக்கு?" என்று தேகப் பயிற்சி ஆசிரியர் கேட்டார். நாம் வாய் திறக்கவில்லை.

பாலத்தடியில் திரும்பும்போது அவள் பதினோராவது. ஏறி மறு பக்கம் வந்ததும், இப்போது காற்று இடப் பக்கம். வலப் பக்கத்தில் போலீஸார் லாரிகளை ஒதுக்கி வைத்திருந்த அகலமான சாலை. அவள் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். நம்மைத்தான் பார்த்தாளோ, வேறு யாரையோ, அறியோம். பிறகு நம் உபதேசத்தைச் சாலையில் போட்டுவிட்டு வலப் பக்கம் விலகினாள். முன்னவளின் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் தன் முன் சக்கரம் வருகிற மாதிரி, சாய்வாக. சட்டை படபடப்பது நின்றது.

அப்போதுதான் நமக்கு விளங்கிற்று. தெற்கேயிருந்து வடக்கே பள்ளிக்கு வருகிற பெண்கள், ஆடிக் காற்றில், ஏணியைப் படுக்க வைத்தாற்போல் ஏன் வந்தார்கள் என்பது! ஐரோப்பாவில் பக்கக் காற்று வீசினால் பந்தயக்காரர்கள் சாலையின் குறுக்கே இப்படித்தான் விசிறிபோல் அணி வகுக்கிறார்கள் என்று நாமே படித்திருக்கிறோம். படித்ததைச் சூலக்கரையில் நேரில் கண்டபோது, பிரார்த்தனைக் கூட்டத்தில் நிறுத்திக் கண்டித்தோம்.

ஒவ்வொருத்தியின் மறைவிலும் சற்று நேரம் இளைப்பாறி, பிறகு அவளைத் தாண்டி, அடுத்தவளின் மறைவுக்குப் போனாள். பதினொன்று ஒன்பதாயிற்று, ஏழாயிற்று. கலெக்டர் ஆபீஸ் கட்டடங்கள் தெரிந்தபோது ஐந்து. நாம் மோட்டார் சைக்கிளில் எழுந்து நின்றுவிட்டதாகவும், நண்பர் நம் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்ததாகவும் பிறகு கேள்விப்பட்டோம். கடைசி முந்நூறு மீட்டரில் இன்னொருத்தியைத் தாண்டினாள். மூன்றாவது பெண்ணின் பின் சக்கரத்தை இவளுடைய முன் சக்கரம் தொட்டுவிடும் போல் வந்தது. கோடு வந்துவிட்டது.

நான்காவது. முன் சக்கரம் ஒன்றின் அகலத்தில் 1,750 ரூபாய் போயிற்று.

அவள் சைக்கிளைக் கீழே சாய்த்துவிட்டு, சாலையோரத்தில் குந்தி மூச்சு வாங்கினாள். தண்ணீர் கொடுத்தோம். என்ன சொல்வதென்று தெரியவில்லை. "நம் மேல்தான் பிசகு" என்றோம். முப்பது வருஷமாகப் பள்ளிக்கூடங்களில் கற்றவராகவும் கற்பிப்பவராகவும் இருந்ததில் இந்த வாக்கியத்தைச் சொல்லிப் பழக்கம் இல்லாததால், குரல் சரியாக வரவில்லை.

"காத்து பக்கத்திலேர்ந்து அடிக்குது ஸார்; பின்னாலே ஒளிஞ்சா எப்படி?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, கணக்கில் ஒரு வரி விட்டுப் போனதைச் சுட்டிக் காட்டுவது போலச் சொன்னாள்.

"அன்றைக்கே சொல்லியிருக்கலாமே, அம்மா."

"கேட்டேன் ஸார்."

ஆமாம், கேட்டாள்.

விருதுநகரில் எண்ணெய்ப் பரோட்டா வாங்கிக் கொடுத்து வீட்டில் கொண்டு போய் விட்டோம். சாயங்காலம் பட்டாசு ஆபீஸ் பஸ்ஸிலிருந்து தாயார் இறங்கினாள். 250 ரூபாய் என்றதும் முகம் சிறிது வாடியது; இருபத்திரண்டு பேரில் நான்காவது என்றதும் கொஞ்சம் தெளிந்தது. நாம் நடந்ததைச் சொல்லி, பிசகு நம்முடையது என்று இரண்டாந் தரமும் சொன்னோம். இந்த முறை சற்றுத் தெளிவாக வந்தது.

"வயசு இன்னும் இருக்குதா ஸார், அடுத்த வருஷத்துக்கு?" என்று அந்த அம்மாள் கேட்டாள்.

பிறந்த தேதியைப் பார்த்தோம். இல்லை. அடுத்த செப்டம்பரில் அவளுக்குப் பதினேழு தாண்டிவிடும். தங்கை யாராவது உண்டா என்று கேட்டோம். தம்பிதான், ஒன்பது வயது. அவன் அக்காளின் சைக்கிளைத் திண்ணையில் சாய்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றிக் கொண்டிருந்தான்.

"கூடை எங்கே ஸார்?" என்றாள் தாயார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சைக்கிள் கடைக்காரரைக் கெஞ்சிக் கதவைத் திறக்கச் சொல்லி, கூடையை வாங்கி, புதிதாக இரண்டு திருகாணி போட்டு மாட்டிக் கொடுத்தோம். திங்கட்கிழமை காலையில், சூலக்கரை மேட்டில் நாம் மூச்சு வாங்கிக் கொண்டிருக்கையில், அந்தக் கூடை தூக்கும் பையுமாக நம்மைத் தாண்டிப் போயிற்று.

"வணக்கம் ஸார்."